ஆர்.வி.யில் நாய்களோடு பாஹா கடற்கரைக்குப் போகலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான்: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மூன்று நண்பர் குடும்பங்கள், ஒரு லேப்ரடார், ஒரு பொமரேனியன், வாடகைக்கு ஒரு பெரிய ஆர்.வி. (உள்ளேயே படுக்கையும் சமையலும் உள்ள வீட்டு வண்டி), டிசம்பர் கடைசியில் பத்து நாள் லீவு. கலிஃபோர்னியாவுக்குத் தெற்கே நீளும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்துக்குப் போய்க் கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தித் தங்க வேண்டும். வீடியோவில் பார்த்த கொன்செப்சியோன் வளைகுடா மனதில் நிற்கிறது. முடிந்தால் திமிங்கலமும் பார்க்க வேண்டும். 'சேஃபா?' என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. யாராவது வழிமறித்து ஏதாவது செய்துவிடுவார்களா என்பது ஒன்று. நாய்களைத் திரும்ப அமெரிக்காவுக்குள் விடுவார்களா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இவற்றுக்கு முன்னால் நிற்கிறது: அந்த வண்டி யாருடையது?

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சான் டியேகோவில் இருக்கிறேன். 2011-இல் பழைய 25 அடி மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் பாஹாவுக்குப் போய்வருகிறேன். பாதிப் பயணங்களில் எங்கள் கருப்பனும் (நாய்தான், குலசாமி இல்லை) கூட வந்திருக்கிறான். நான் கால்நடை மருத்துவம் படித்தவன் அல்ல, வக்கீலும் அல்ல. ரோட்டையும் மணலையும் பற்றிச் சொல்வது சொந்த அனுபவம், அதை நம்பலாம். காகித விதிகளைப் பற்றிச் சொல்வதை மட்டும் கிளம்புகிற வாரத்தில் அரசுத் தளங்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவை வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

வண்டிக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்.வி. வாடகைக்கு விடும் கம்பெனிகளில் பெரும்பாலானவை மெக்சிகோவுக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் அந்த நிமிடமே நீங்கள் காப்பீடு இல்லாத வண்டி ஓட்டுகிறீர்கள். தனியார் ஒருவர் தன் ஆர்.வி.யை ஆப் மூலம் வாடகைக்குத் தந்து, 'கொண்டுபோங்கள், பரவாயில்லை' என்று சொன்னாலும் அந்த ஆப் தரும் காப்பீடு எல்லை தாண்டி வருமா என்பது வேறு கேள்வி. எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள். அமெரிக்கக் கார் காப்பீட்டை மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை. மெக்சிகோ கம்பெனியின் பாலிசி தனியாக எடுத்தாக வேண்டும், நாள் கணக்கில் இணையத்திலேயே கிடைக்கும். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. அங்கே விபத்தில் யாருக்காவது அடிபட்டால், யார் மேல் தப்பு, நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று தெரியும்வரை ஓட்டுநரைப் பிடித்து வைக்க முடியும். அவரை வெளியே கொண்டுவருவது அந்தப் பாலிசியோடு வரும் வக்கீல் உதவிதான். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சட்ட உதவி இல்லாத பாலிசியை வாங்கிவிடாதீர்கள்.

அதனால் வாடகை ஆர்.வி. என்பது முடிவாக இருந்தால், மெக்சிகோவுக்கு அனுமதி உண்டு என்று எழுதித் தரும் இடமாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் சொந்தக் கார்களிலேயே போய், கடற்கரையில் பலாப்பாவின் கீழ்க் கூடாரம் போடுங்கள். பலாப்பா என்பது பனையோலை வேய்ந்த திறந்த கொட்டகை. நம் ஊர் கீற்றுக் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நண்பர் யாராவது தன் ஆர்.வி.யைத் தந்தால், வண்டியின் பதிவுச் சான்றோடு 'இவர் ஓட்டிப்போக எனக்குச் சம்மதம்' என்று நோட்டரி கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆர்.வி.யில் எத்தனை படுக்கை என்று பார்க்காதீர்கள், எத்தனை சீட் பெல்ட் என்று பாருங்கள். மூன்று குடும்பம் ஒரே வண்டியில் பெரும்பாலும் அடங்காது. கூட ஒரு கார் வேண்டியிருக்கும், அது நல்லதும்கூட. கடற்கரையிலிருந்து தண்ணீருக்கும் காய்கறிக்கும் ஊருக்குப் போக ஒவ்வொரு முறையும் ஆர்.வி.யைக் கிளப்பிக்கொண்டிருக்க முடியாது.

விசா விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்காரரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். எச்1பி நீட்டிப்புக் காகிதம் கையில் இருந்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை காலாவதியாகியிருந்தால் நிலைமை வேறு. 'முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையோடு வரலாமே' என்பார்கள். உண்மைதான், ஆனால் அது அமெரிக்கா தன் வாசலில் தரும் சலுகை. மெக்சிகோவின் வாசலில் அது செல்லாது, அங்கே நீங்கள் விசா இல்லாதவர். உங்கள் ஆறு பேரில் யாருக்காவது முத்திரை முடிந்திருந்தால் அவர் மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்க வேண்டும், அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-ஐயும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உள்ளே போகும்போது எல்லையில் யாரும் நிறுத்தவில்லை என்று நேரே ஓட்டிப் போய்விடாதீர்கள். குடியேற்ற அலுவலகத்தில் நீங்களாகவே நிறுத்தி, சுற்றுலா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இருநூறு மைல் தெற்கே போனபிறகு ஒருவர் கேட்பார், அப்போது கையில் இல்லையென்றால் சங்கடம். வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி என்ற இன்னொரு காகிதம் உண்டு. பாஹா தீபகற்பத்துக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு அது தேவையில்லை.

இனி எந்தக் கடற்கரை என்பது. கொன்செப்சியோன் வளைகுடா அழகுதான், மறுக்கவில்லை. முலெஹே என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும். சாந்திஸ்பாக், எல் பூர்ரோ, எல் ரெகெசோன் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு கடற்கரை வரும். தண்ணீர் குளம்போல அசையாமல் கிடக்கும். ரெகெசோனில் கடல் வற்றும்போது மணல்திட்டு வழியாக எதிரே இருக்கும் தீவுக்கே நடந்து போகலாம். ஆனால் எல்லையில் இருக்கும் திஹுவானாவிலிருந்து அங்கே சுமார் 1,000 கி.மீ. ஆர்.வி.யில் பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டினால் மூன்று நாள். ஃப்ரீமான்ட்டிலிருந்து எல்லைக்கு வர ஒரு நாள். போக நான்கு, வர நான்கு என்றால் உங்கள் பத்து நாளில் கடற்கரைக்கு மிஞ்சுவது இரண்டு. அதற்கு இரண்டு நாயைக் கட்டிக்கொண்டு 2,000 கி.மீ. போய்வர வேண்டுமா?

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது சான் ஃபெலிப்பே. மெஹிகாலி எல்லையிலிருந்து சுமார் 200 கி.மீ., 5-ஆம் எண் நெடுஞ்சாலை, தீபகற்பத்தின் மற்ற சாலைகளோடு ஒப்பிட்டால் ராஜபாட்டை. கடலோரமாகவே ஆர்.வி. பார்க்குகள் இருக்கின்றன. சிலவற்றில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு, ஊரில் மளிகைக் கடையும் மருத்துவரும் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை: பாஹாவுக்குக் கிழக்கே இருக்கும் கோர்த்தேஸ் கடலின் வடமுனை என்பதால் ஏற்ற இறக்கம் ஆறேழு மீட்டர் வரை போகும். காலையில் வாசலில் இருந்த கடல் மதியம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும், சாயங்காலம் திரும்பி வரும். லேப்ரடாருக்கு அதைவிடப் பெரிய மைதானம் கிடையாது. இரண்டு நாள் அங்கே இருந்து பழகியபின், தைரியம் வந்தால் அதே சாலையில் இன்னும் 150 கி.மீ. சொச்சம் தெற்கே இருக்கும் கொன்சாகா வளைகுடாவுக்குப் போங்கள். அங்கே மின் இணைப்பும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. மணல், பலாப்பா, நட்சத்திரம் அவ்வளவுதான். வீடியோவில் நீங்கள் பார்த்து மயங்கியது ஏறக்குறைய அதேதான்.

பாதுகாப்பு என்று நீங்கள் கேட்டதற்கு இப்போது வருகிறேன். 2024 ஏப்ரலில் என்சனாடாவுக்குத் தெற்கே, யாருமில்லாத ஒரு கடலோர மேட்டில் தனியாகத் தங்கியிருந்த மூன்று அலைச்சறுக்கு விளையாட்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய வண்டியைத் திருட வந்தவர்கள் செய்தது என்று விசாரணையில் சொன்னார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு என்னிடம் நிறையப் பேர் 'இனிமேலும் போவாயா' என்று கேட்டார்கள். போகிறேன். அப்படி நடக்காது என்று யாராலும் உறுதி தர முடியாது, நானும் தரவில்லை. என் பழக்கம் இது: தனி மேட்டில், ஆளில்லாத கரையில் ராத்திரி தங்குவதில்லை. பக்கத்தில் பத்து வண்டியாவது நிற்கும் இடம், கட்டணம் வாங்க ஒருவர் வரும் இடம், அங்கேதான் நிறுத்துவேன். வருடா வருடம் மாதக்கணக்கில் வந்து தங்கும் கனடாக்காரத் தாத்தா பாட்டிகள் இருக்கும் கடற்கரையைவிடப் பாதுகாப்பான இடம் பாஹாவில் இல்லை. இருட்டியபின் யார் வண்டி வந்தாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நிஜமான ஆபத்து சாலையில்தான். தீபகற்பத்தை நெடுக இணைக்கும் 1-ஆம் எண் நெடுஞ்சாலை 1973-இல் முடிந்தது. அதன் பல பகுதிகள் இன்னும் அன்று போட்ட அகலத்திலேயே இருக்கின்றன. ஓரத்தில் ஒதுங்க மண் விளிம்புகூடக் கிடையாது, வெள்ளைக் கோடு முடியும் இடத்தில் தார் முடியும், தார் முடியும் இடத்தில் பள்ளம். எங்கள் மூன்றாவது பயணத்தில் கத்தாவிஞாவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு பதினெட்டுச் சக்கர லாரி வந்தது. நான் வலப்பக்கம் கோட்டின் மேலேயே ஓட்டினேன், அவரும் அவர் பக்கக் கோட்டின் மேல்தான் வந்தார். இருந்தும் 'டப்' என்று ஒரு சத்தம். இடப்பக்கக் கண்ணாடி முழுசாக மடங்கி, உடைந்த சில்லெல்லாம் என் மடியில். அவரும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நிறுத்த இடமே இல்லை. அடுத்த ஊரில் என் மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டித்தான் வீடு திரும்பினோம். அன்றிலிருந்து எதிரே பெரிய வண்டி தெரிந்தால் ஐம்பது கி.மீ. வேகத்துக்கு இறக்கிவிடுவேன்.

இடது இண்டிகேட்டரைப் பற்றி ஒன்று. முன்னால் போகும் லாரிக்காரர் இடப்பக்க விளக்கைப் போட்டால், 'எதிரே ரோடு காலி, முந்திக்கொள்' என்று உங்களுக்கு உதவி செய்கிறார் என்று அர்த்தம். அல்லது நிஜமாகவே இடப்பக்கம் திரும்பப் போகிறார் என்று அர்த்தம். எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் கண்ணால் எதிர்ச்சாலையைப் பார்க்காமல் அந்த விளக்கை நம்பியதே இல்லை. அதே காரணத்தால் நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது பின்னால் வருகிறவர் முந்தலாம், ஜாக்கிரதை. ராத்திரி ஓட்டவே வேண்டாம். வேலி கிடையாது, கருப்பு மாடு கருப்புத் தாரில் வெதுவெதுப்புக்காகப் படுத்திருக்கும். ஊருக்குள் நுழையும்போது 'தோப்பெஸ்' என்ற வேகத்தடைகள் வரும். அவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் ஏறிவிட்டால் உள்ளே அலமாரியில் இருக்கும் பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிடும். பிறகு எப்போதாவது தெற்கே கொன்செப்சியோனுக்குப் போனால் எல் ரொசாரியோவில் டேங்கை நிரப்பாமல் தாண்டாதீர்கள். அதற்கப்புறம் சுமார் 300 கி.மீ.க்கு நம்பகமான பங்க் கிடையாது, நடுவில் பீப்பாயில் விற்பவர்கள்தான்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் இருக்கும். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள், மரியாதையாகவே பேசுவார்கள். உள்ளே ஏறிப் பார்க்கக் கேட்டால் கூடவே ஒருவர் ஏறி நில்லுங்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு சிப்பாய் எங்கள் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோய் ஆழமாக இழுத்துவிட்டார். தும்மல் நிற்கவே இல்லை, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எங்களை அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் பொடி வகைகளைக் கடைப் பாக்கெட்டோடு கொண்டுபோவது உத்தமம். துப்பாக்கி கூடாது என்பது உங்களுக்கே தெரியும். பழைய பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவும் சிறைக்குக் கொண்டுபோகலாம், எனவே இரவல் வண்டியென்றால் எல்லா அறைகளையும் துழாவிவிடுங்கள். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அந்த மருந்துக்கு மெக்சிகோவில் தடை.

சரி, நாய்கள். உள்ளே கொண்டுபோவது எளிது. 2019 டிசம்பரிலிருந்து அமெரிக்காவிலிருந்து வரும் நாய்களுக்கு மெக்சிகோ மருத்துவச் சான்று கேட்பதில்லை. ஆளைப் பார்ப்பதுபோல நாயைப் பார்த்துவிட்டு விடுவார்கள். கண்ணில் தெரியும் புண், உண்ணி இருந்தால் நிறுத்தலாம். திரும்பி வருவதற்குத்தான் காகிதம் வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் விதி இது: எந்த நாடாக இருந்தாலும், திரும்பி வரும் நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், பார்க்க ஆரோக்கியமாக இருக்க வேண்டும், இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி அதன் ரசீது கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி ரசீது, கட்டணம் இல்லை. மெக்சிகோ போன்ற நாட்டிலிருந்து வருவதற்கு ஒரே ரசீது ஆறு மாதம் செல்லும். கொன்சாகாவில் சிக்னல் கிடைக்காது, அதனால் வீட்டிலேயே நிரப்பி அச்செடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும் கூட வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த எளிய வழி, கடந்த ஆறு மாதத்தில் நாய்வழி ரேபிஸ் அதிகம் உள்ள நாட்டில் இருக்காத நாய்களுக்கு மட்டும். இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் பொமரேனியன் சென்னையிலிருந்து சமீபத்தில் வந்ததென்றால் கதை வேறு, உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மெக்சிகோவே ரேபிஸ் நாடு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நாயால் பரவும் ரேபிஸில் மனிதர் சாவதை ஒழித்த முதல் நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் மெக்சிகோவைத்தான் அங்கீகரித்தது. இப்போதைய கவலை வேறு. திறந்த புண்ணில் ஈ இடும் முட்டையிலிருந்து வந்து உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு 2024 நவம்பரில் தென்மெக்சிகோவில் மறுபடி தலைகாட்டியது. அந்தப் புழு உள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு, கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாளுக்குள் சோதித்த சான்று வேண்டும் என்று அமெரிக்க விவசாயத் துறை விதி வைத்திருக்கிறது. தரைவழி எல்லையில் என்னிடம் சி.டி.சி. ரசீதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. அது என் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், எனவே இந்த ஒன்றை மட்டும் கிளம்பும் வாரம் கட்டாயம் பாருங்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் மணலில் கவனம் வேண்டும். கருப்பனுக்கு மூன்று வயது இருக்கும்போது சாந்திஸ்பாக்கில் ஒருநாள் காலை, கடல் ஒதுக்கிய பாசி வரிசையை மோந்துகொண்டே போனவன் ஏதோ ஒன்றை மென்றான். பழைய செருப்புத் துண்டு என்று நினைத்தேன். மீன் விற்க வந்த ஒருவர் கூடையைக் கீழே போட்டுவிட்டு 'போத்தேத்தே! போத்தேத்தே!' என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, அவன் வாயைப் பிளந்து விரலை விட்டு இழுத்தார். உள்ளங்கை அளவு, தோல்போல் காய்ந்து, முகத்தில் இரண்டு பல் மட்டும் துருத்திக்கொண்டு ஒரு மீன். பேத்தை! நம் கடலோரத்தில் வலையில் பேத்தை ஏறினால் மீனவர்கள் தூக்கி எறிவதுபோலத்தான் அங்கேயும் எறிகிறார்கள், அது கரையில் காய்ந்து கிடக்கிறது. அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. காய்ந்தாலும் வீரியம் போவதில்லை. வாந்தி, தள்ளாட்டம், கால் மரத்துப்போவது, பிறகு மூச்சு நிற்பது என்று போகும். மூச்சைக் காப்பாற்றிக்கொடுக்க வசதியுள்ள மருத்துவமனை இருந்தால்தான் பிழைக்கும். எங்களுக்குத் தெற்கே அடுத்த பெரிய ஊர் லொரேத்தோ, நூறு கி.மீ.க்கு மேல். கருப்பன் இரண்டு முறை வாந்தி எடுத்தான், சாயங்காலம் வரை அவன் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பித்தான். இப்போது எந்தக் கடற்கரையில் இறங்கினாலும் நாய் இறங்குவதற்கு முன் நானோ மனைவியோ அலை ஒதுக்கிய பாசி வரிசையில் ஒரு சுற்று நடந்து பேத்தையைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டுத்தான் அவனை விடுவோம். எதையும் விழுங்கும் ஜாதி உங்கள் லேப்ரடார். இதை மறக்காதீர்கள்.

பொமரேனியனுக்குக் கவலை வேறு. கயோட்டி ராத்திரியில் முகாமுக்குள்ளேயே வரும். நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது, நாலு கிலோ நாய் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. இருட்டியபின் சின்ன நாயைக் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள், ஒன்றுக்குப் போவதற்குக்கூட. பகலில் கள்ளி. ஒரு வகைக் கள்ளியின் துண்டுகள் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். நாய் காலிலிருந்து வாயால் பிடுங்கப் பார்த்து உதட்டிலும் குத்திக்கொள்ளும். கையால் தொடாமல் ஒரு பழைய சீப்பால் நெம்பித் தள்ளிவிட்டு, மிச்ச முள்ளைக் குறடால் எடுக்க வேண்டும். திருக்கை, கோடையில்தான் கரையருகே அதிகம், டிசம்பரில் குறைவு. இருந்தாலும் ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை ஒரு மணி நேரம் வைத்தால் வலி அடங்கும், முள் உள்ளே இருந்தால் மருத்துவர்.

நாயிடமிருந்து உங்களுக்கே வரக்கூடிய ஒன்றும் உண்டு. ராக்கி மவுன்டன் ஸ்பாட்டட் ஃபீவர் என்ற காய்ச்சல். பெயரில் மலை இருந்தாலும் மெஹிகாலியில் 2008 முதல் தெருநாய் உண்ணி மூலம் பரவி வருகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க சி.டி.சி. தெக்காத்தே என்ற எல்லையோர ஊரில் இருந்துவிட்டுத் தென்கலிஃபோர்னியா மருத்துவமனைகளில் சேர்ந்த ஐந்து பேரைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களில் மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். கடற்கரையில் சொந்தக்காரரில்லாத நாய்கள் உங்கள் முகாமுக்கு வந்து வாலாட்டும், குழந்தைகள் கட்டிப்பிடிக்கும், உங்கள் நாய்களும் சேர்ந்து உருளும். கிளம்புவதற்கு முன் இரண்டு நாய்க்கும் உண்ணி மருந்து கொடுத்திருக்க வேண்டும். தினமும் ராத்திரி காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டையின் கீழே பாருங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வந்தால், 'மெக்சிகோ போனோம், கூட நாய் இருந்தது' என்று முதல் வாக்கியமாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் குணமாகிவிடும், தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

தங்குவதைப் பற்றிக் கொஞ்சம். மின் இணைப்பு இல்லாத கடற்கரையில் உங்களைத் திருப்பி அனுப்பப்போவது பாம்பும் இல்லை, திருடனும் இல்லை, கழிவறைத் தொட்டி. ஆறு பெரியவர்கள், குழந்தைகள் என்று ஒரே தொட்டியைப் பயன்படுத்தினால் மூன்றாம் நாள் நிறைந்துவிடும். காலி செய்யும் வசதி ஊருக்குள் ஆர்.வி. பார்க்கில்தான். மணலில் குழி தோண்டித் திறந்துவிட்ட புண்ணியவான்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கடற்கரையில் குழிக் கழிவறை இருந்தால் பகலில் அதையே பயன்படுத்துங்கள். குடிக்க, ஊரில் சுத்திகரிப்புக் கடைகளில் பெரிய கேன்களை நிரப்பித் தருவார்கள், நாய்களுக்கும் அதே தண்ணீர். கட்டணத்துக்கும் காய்கறிக்கும் பெசோ சில்லறை வேண்டும். வண்டியை ஈர மணலுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். முந்தைய ராத்திரி அலை விட்டுப்போன பாசிக் கோட்டைப் பார்த்து அதற்கு மேலே, ஏற்கெனவே சக்கரத் தடம் இருக்கும் கெட்டி மணலில் நிறுத்துங்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். டயரில் காற்றைக் குறைத்து, பலகை கொடுத்து, பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள், வருவார்கள். அப்புறம் தோசை மாவு. டிசம்பர் ராத்திரி பத்து டிகிரிக்கு இறங்கும், மாவு பொங்காது. காலையில் பாத்திரத்தை முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் வெயில் படும்படி வைத்தால் மதியம் தோசை.

திமிங்கலம் இந்தமுறை வேண்டாம் என்றே சொல்வேன். சாம்பல் திமிங்கலங்கள் குட்டி போட வருவது தெற்கே கெர்ரேரோ நெக்ரோ, சான் இக்னாசியோ பக்கம். டிசம்பர் கடைசியில் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் தாயும் குட்டியும் படகருகில் வரும். படகில் நாய்க்கு இடம் கிடையாது, அதனால் ஒரு குடும்பம் கரையில் நாயோடு நிற்க வேண்டும். யார் நிற்பது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டு இன்னொரு வருடம் போங்கள்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லைக்கு வராதீர்கள், அதுவும் புத்தாண்டு வார ஞாயிறு. வரிசை மணிக்கணக்கில் நகராது, நாய்க்குத் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாரநாள் விடியற்காலை, மெஹிகாலிக்கு எதிரே அமெரிக்கப் பக்கம் இருக்கும் கலெக்ஸிகோ வழியாக வந்தால் நல்லது. குளிர்பெட்டியை முந்தைய நாளே காலி செய்துவிடுங்கள். பழங்கள், பச்சை முட்டை, பன்றி இறைச்சி எல்லாம் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையும் கூடாது. நீங்கள் ஃப்ரீமான்ட்டிலிருந்தே கொண்டுபோன கொத்தாக இருந்தாலும், எலுமிச்சைச் செடிகளை அழிக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் வாங்கிக்கொள்வார்கள். அதிகாரி கேட்கும்போது 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார், ஒளித்து வைத்தால் அபராதம். நாங்கள் கடைசி நாள் ராத்திரி மிச்சம் இருப்பதையெல்லாம் போட்டு ஒரு ரசம் வைத்துவிடுவோம். பக்கத்து வண்டி கனடாக்காரர்களும் கிண்ணத்தோடு வந்துவிடுகிறார்கள்.